ஏழாம் நம்பர் கம்பளி

படத்தில் சிவப்பே இல்லை. தேவனாம்பட்டினம் கடற்கரையில் வெள்ளை அரைக்கைச் சட்டையும் நீல அரைக்கால் டிராயருமாகப் பழனிவேல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படம். அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கொரு கம்பளி நம்பர் போட்டுக் கம்ப்யூட்டர் துப்பிய கிராஃபில் மட்டும், கணுக்காலில் நாலு கட்டம் ஏழு என்றிருந்தது. ஏழு, அடர் சிவப்பு.

சந்திரலேகா அதை அப்படியே விட்டுவிட்டாள். சுவரில் மாட்டும் கம்பளத்துக்குச் சாம்பிள்தானே. பார்க்கப்போகிறவர் சிதம்பரம் மேலவீதிக் கடைக்காரர் சுப்புராயன். தேவலோகத்திலிருந்து நெய்து வந்தாலும் "ஓரம் கோணலா இருக்கே" என்று பாதி விலைக்குக் கேட்கிற மனுஷன். புருஷன் படத்தைப் போட்டதும் அதனால்தான். போஸ் கொடுத்ததற்குக் கூலி கேட்க மாட்டான்.

பக்கத்து அறைத் தறியில் பழனிவேல் கிராஃபை வாய்விட்டுப் படித்தபடி, கீழ் வரியிலிருந்து மேல்நோக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். ஈரக் கம்பளியின் ஆட்டு வாடையும், இரும்புச் சீப்பு ஒவ்வொரு வரியையும் தட்டி இறக்கும் சத்தமும், அதற்கு நடுவே ராகம் போட்டதுபோல் அவன் குரலும் மத்தியான வெயிலோடு சேர்ந்து அவளுக்குத் தூக்கத்தைக் கொண்டுவந்தன.

"மூணு, மூணு, ஏழு... ஏ லேகா!"

அவன் கணுக்காலில் நாலு முடிச்சு அகலத்துக்குத் தோல் பிளந்திருந்தது.

"கத்திரி உழுந்துருக்கும்" என்றான். கத்திரி ஆணியில் தொங்கியது.

மறுநாள் கெண்டைக்கால். கிராஃபில் அவள் கவனித்திராத இன்னும் ஒன்பது கட்டம் ஏழு. காலில் எலும்பு தெரிந்தது.

"மாமா, போதும். நெய்யாத."

"சுப்புராயன் என்னைத் தள்ளுபடியில கேப்பாரு, பாரு" என்று சிரிக்கப் பார்த்தான். உதடு வெளுத்திருந்தது.

நிறுத்தினான். ரத்தம் நிற்கவில்லை. இரண்டு துண்டு நனைந்து, மூன்றாவதும் நனைந்து, தரையில் வழிந்தது. மயக்கத்தோடு நகர்ந்துபோய் அந்த வரியை முடித்தான். நின்றது.

அவள் ஊசியால் ஒரு சிவப்பு முடிச்சைப் பிரித்துப் பார்த்தாள். அவன் அலறினான். ஊசி நுனியில் கம்பளி இல்லை. சதை.

நெய்யாமலும் முடியாது, பிரிக்கவும் முடியாது. விரலைக் கிராஃபின் மேல் வரிகளில் ஓட்டினாள். கழுத்தில், இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் நடுவே, முழு வரியும் ஏழு.

"மாத்திடறேன் மாமா. ஏழு எல்லாத்தையும் மூணாக்கிடறேன். மூணு ஒன் தோல் கலருதான?"

"சீக்கிரம்டி. முட்டி பொளக்குது."

எந்த நம்பரை, எந்த நம்பராக. கம்ப்யூட்டர் திரையில் இரண்டு பெட்டி. நிரப்பினாள். பொத்தானை அழுத்தினாள். சூடாக வெளியே வந்த தாளைப் பிடுங்கிக்கொண்டு அவன் தறிக்குத் தவழ்ந்தான்.

அவள் தண்ணீர் குடித்தாள். சொம்பைக் கீழே வைத்தாள். அப்போதுதான் திரையைப் பார்த்தாள்.

முதல் பெட்டியில் மூன்று. இரண்டாவதில் ஏழு.

பக்கத்து அறையில், படத்தில் தொங்கவிட்ட கையின் விரல்கள் தொடங்குகிற வரிக்கு அதற்குள் வந்திருந்தான்.

"ஏழு, ஏழு, ஏழு..."

"மாமா, நிறுத்து!"

"கை நிக்க மாட்டேங்குது லேகா! ஏழு, ஏழு..."

ஓடினாள். விரல்கள் உறையைக் கழற்றியதுபோல் உரிந்திருந்தன. உரிந்த விரல்களே முடிச்சுப் போட்டன. இதுவரை எந்தக் கையும் போடாத வேகத்தில். கிராஃபைப் பிடுங்கிக் கிழித்தாள். அவன் அதைப் பார்த்தே படிக்கவில்லை. தோளைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். வழுக்கியது. அவள் கையோடு வந்தது சட்டையும் அதனடியில் இருந்ததும்.

மணிக்கட்டு. முழங்கை. வரி ஏறியது.

சீப்பு தட்டியது.

கழுத்து. தாடை.

கம்பளத்தில் கடற்கரையும் வெள்ளைச் சட்டையும் அழகாக வந்திருந்தன. அதற்கு முன்னால், இமையில்லாத இரண்டு கண்கள் அவளையே பார்த்தபடியிருக்க, கைகள் அடுத்த முடிச்சுக்கு நூலை இழுத்தன.

"ஏழு" என்றது வாய்.

அதைச் சொல்ல உதடு தேவைப்படவில்லை.