ஜீவமணி மதினியின் கறவைச் சேலை

சாயர்புரத்தைத் தாண்டி இருக்கிற வாழைத்தோட்டத்து வீட்டுக்கு நாங்கள் குடிவந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். நான், என் கணவர் நேசக்குமார், நாலு மாதக் குழந்தை எஸ்றா. அந்தத் தோட்டத்தையும் மாட்டையும் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டவர் இவருடைய அக்கா ஜீவமணி மதினி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பால் கறந்துகொண்டிருக்கும்போதே தொழுவில் சாய்ந்துவிட்டார். அடக்கம் முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. இவருக்குத் துறைமுகத்தில் வேலை, விடியுமுன் கிளம்பிவிடுவார். அதனால் தொழு என் தலையில் விழுந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. பிரசவத்துக்குப் பிறகு எதுவுமே வரவில்லை. சாணி அள்ளினேன், தொட்டியை நிறைத்தேன், முற்றம் பெருக்கினேன், பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். கைகள் வேலை செய்யும். நான் எங்கோ தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாடுதான் என்னை அண்டவிடவில்லை. உட்கார்ந்தாலே எத்தியது. பக்கத்துத் தோட்டத்துச் சொரிமுத்து அண்ணாச்சி காலைக் கட்டிக் கறந்தும் பாதிப் பால் மடியிலேயே நின்றது.

"மாடு ஆளப் பாக்காது தாயி, வாசனையத்தான் பாக்கும்," என்றார். "அக்கா கறக்கையில உடுத்துன சேல இருக்குல்லா? அத மேல போத்திக்கிட்டு உக்காருங்க. சொரப்பு விட்டுரும்."

அதில் புதிதாக ஒன்றும் இல்லை. கறக்கிற ஆள் வெளியூர் போனால் எல்லா வீட்டிலும் செய்வதுதான். செத்தவர் சேலையை யாரும் போர்த்தியதில்லை என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. மதினியின் நல்ல சேலைகளை எல்லாம் அடக்கத்துக்கு மறுநாளே கொடுத்துவிட்டோம். சாணிக்கறை படிந்த இந்த ஒன்றை யாரும் கேட்கவில்லை. அது தொழுவிலேயே தொங்கியது.

போர்த்தினேன். வேப்பெண்ணெயும் வேர்வையும் புளித்த பாலும் கலந்த வாசனை. மாடு திரும்பி முகர்ந்தது. என் கையை நக்கியது. செம்பு நுரைத்து நிறைந்தது.

மூன்றாம் நாள், கறந்துகொண்டிருக்கும்போது யாரோ கீர்த்தனை முணுமுணுப்பது கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே கறந்தேன்.

முணுமுணுத்தது என் வாய்தான்.

அந்தக் கீர்த்தனை எனக்குத் தெரியாது.

அன்று மாலையிலிருந்து எஸ்றா என்னிடம் பால் குடிக்க மறுத்தான். மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அலறினான். புட்டிப் பாலையும் துப்பினான். இரண்டு நாளில் அவன் அழுகை மெலிந்து பூனைக்குட்டிச் சத்தம் ஆகிவிட்டது. பிள்ளை கையைவிட்டுப் போய்விடுவானோ என்று நினைத்தேன். அந்த நினைப்புகூட யாரோ சொல்லக் கேட்டதுபோல் தூரமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

"ஏளா, அந்தச் சேலைய உடுத்திக்கிட்டு குடுத்துப் பாரேன்," என்றார் இவர். "மாடே நின்னுச்சுல்லா."

உடுத்திக்கொண்டு வந்தேன். உடனே குடித்தான். கண்ணை மூடாமல், ஒரு மிடறுகூட நிறுத்தாமல் குடித்தான்.

ஆனால் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் சேலையை வாழைச்சருகோடு போட்டுக் கொளுத்தினேன். முழுதும் சாம்பலாகும் வரைக்கும் நின்று பார்த்தேன். பிறகு சாம்பலின்மேல் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். செம்பை எடுத்துக்கொண்டு தொழுவுக்குப் போனேன். போர்வை எதுவும் இல்லாமலே மாடு சுரந்தது. எனக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தில், நாக்கை நீட்டி நக்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் எஸ்றாவின் அழுகை கேட்டது. செம்பைக் கீழே வைத்தேன். எழுந்திருப்பதற்குள் அழுகை நின்றுவிட்டது.

பிறகு சப்புகிற சத்தம்.

ஓடினேன். கட்டிலில் அவன் தனியாகக் கிடந்தான். வயிறு உப்பியிருந்தது. உதட்டோரம் பால். தொட்டேன், சூடாக இருந்தது. அறை முழுக்க வேப்பெண்ணெய் வாசனை.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. பிரசவத்துக்குப் பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். அதுவும் சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது.

அன்று முதல் அவன் என்னிடம் குடிக்கவே இல்லை. அழவும் இல்லை. நாலைந்து நாள் மார்பு கட்டி வலித்தது, பிறகு வற்றிப்போனது.

"ஏங்க," என்று ஒரு நாள் இவரிடம் மெல்லக் கேட்டேன், "பிள்ளைக்கு யாரு பால் குடுக்கா?"

"இதென்ன கேள்வி? நீதானளா குடுக்க," என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நேற்று கிராம நர்ஸ் இசக்கிசெல்வி அக்கா வந்தார். எஸ்றாவைத் தராசில் போட்டார். முள்ளைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார்.

"ஒரே மாசத்துல எண்ணூறு கிராம் கூடியிருக்கான்! புட்டிப் பால் எதுவும் குடுக்கியா?"

"இல்லக்கா."

"அப்ப தாய்ப்பால் மட்டுந்தான?"

என் மார்பு வற்றி இருபது நாளாகிறது.

"ஆமாக்கா," என்றேன்.

அவர் அதை அட்டையில் எழுதிக்கொண்டார்.