சவ்லெயின் அட்டவணை

அன்று அறையில் நால்வர் இருந்தார்கள். மேசையின் தலைப்பக்கம் கசாக் பள்ளிக் குழுவின் தலைவர் தொக்தார். அவருக்கு வலப்புறம் பொறியாளர் வேதநாயகம். எதிரே அவருடைய கூட்டாளி இருளப்பன். கதவோரம், தேநீர்க் கலனை ஒட்டிய நாற்காலியில் சவ்லெ. மேசை நடுவே, பள்ளிப் பிள்ளைகளுக்காகக் குழுவிடம் காட்டக் கொண்டுவந்த மொழிபெயர்ப்புக் கருவி, உரைமாற்றி.

கசாக் மொழியில் உடையவர் பொருளின் பெயரோடு ஒட்டிக்கொள்வார். கெஸ்தெ என்றால் அட்டவணை. கெஸ்தெம், என் அட்டவணை. கெஸ்தெம்தெ, என் அட்டவணையில். உடைமை விகுதி முன்னே, வேற்றுமை உருபு பின்னே. “வாலுக்கு ஒரு வால்,” என்பான் இருளப்பன். அத்தனை வால்களையும் மூன்று ஆண்டு உட்கார்ந்து அட்டவணையாக வரிசைப்படுத்தியவள் சவ்லெ. அந்த வேலையறைப் பேச்சைக் கேட்டே வளர்ந்தது உரைமாற்றி. பேசுகிறவர் உடையவரைச் சொல்லாமல் விட்டால், தன் நினைவில் தேடி அதுவே ஒட்டிவிடும்.

அட்டவணையைச் செய்தவருக்குத்தான் பள்ளிக் குழு தொடங்கும் புதிய ஆய்வகத்தின் தலைமைப் பதவி.

வேதநாயகம் எழுந்தார். நம் அலுவலகங்களில் சொல்வதுபோல், செய்தவர் பெயரில்லாமல் சொன்னார்: “அட்டவணை முழுசா முடிஞ்சாச்சுங்க.”

“சவ்லெனிங் கெஸ்தெஸி…” என்று தொடங்கியது உரைமாற்றி. சவ்லெயின் அட்டவணை.

தொக்தார் நிமிர்ந்தார். “பதவிக்கான விண்ணப்பத்தில், அட்டவணை செய்தவர் என்று உங்கள் பெயரல்லவா இருக்கிறது?”

சவ்லெ தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கருவி தப்பா ஒட்டுதுங்க, ஐயா,” என்றார் வேதநாயகம்.

இருளப்பன் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தான். அந்த வாக்கியத்தை உரைமாற்றி ஒரு பிழையுமின்றிக் கசாக்கில் சொன்னது.

“தப்பாகச் சொல்லும் கருவி பிள்ளைகளுக்கு வேண்டாம்,” என்று விண்ணப்பக் கோப்பினை மூடினார் தொக்தார்.

வெளியே வந்ததும், இருளப்பனிடம் கற்ற தமிழில் சவ்லெ வேதநாயகத்தைக் கேட்டாள்: “நாளைக்கு நான் வரணுமாண்ணே?”

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அந்தப் புள்ள உங்களை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்,” என்றான் இருளப்பன்.

விடுதிக்கு வந்து தொக்தாருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார் வேதநாயகம். கசாக்கில் எழுதித் தர உரைமாற்றியை முன்னால் வைத்துக்கொண்டார்.

“ஒரு தவறு நடந்துவிட்டது,” என்று சொன்னார்.

கருவியின் நினைவில் அந்தத் தவறுக்கு உடையவர் இல்லை. “யாருடைய தவறு?” என்று கேட்டது.

“எங்களுடைய,” என்றார்.

“உங்களோடு இன்னொருவர் யார்?”

எதிரே உட்கார்ந்திருந்த இருளப்பன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“யாருமில்லை. என்னுடைய.”

அதன்பின் கருவி எதையும் கேட்கவில்லை. அட்டவணை சவ்லெயுடையது, விண்ணப்பத்தில் எழுதியது பொய், கருவி சொன்னதே சரி. மூன்று வரிதான். உறையை ஒட்டி, மாடியிறங்கி, கிளம்பிக்கொண்டிருந்த தபால் வண்டியை நிறுத்தி, ஓட்டுநர் கையில் கொடுத்தார்.