தோண்டக் கூடாத புதையல்

சென்னகிருஷ்ணன் தேங்காய்ப் பருப்பு காயும் களத்தில் குப்புறக் கிடந்தார்.

மண்டை பிளந்திருந்தது...

காங்கேயத்தில் அவரும் தம்பிதுரையும் கூட்டாக நடத்திய எண்ணெய் மில்லின் களம் அது. மில் ஆபீஸில் சாமி படத்துக்கு முன்னால் நின்ற கனமான வெள்ளிக் குத்துவிளக்கைக் காணவில்லை. "டிரைவர் அருள்குமார் விளக்கத் திருடியிருக்கான். இவரு பாத்துட்டாரு. அடிச்சுக் கொன்னுபோட்டான்" என்று தம்பிதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

போலீஸ் அருள்குமாரைத் தூக்கி உள்ளே வைத்தது. விளக்கு மட்டும் கிடைக்கவில்லை.

எப்படிக் கிடைக்கும்? அந்த விளக்கால் கூட்டாளியின் மண்டையைப் பிளந்தவரே தம்பிதுரைதான்!

கொன்றதைக்கூட விடுங்கள். கொன்ற பிறகு செய்ததைக் கேளுங்கள். வேறொருவனாக இருந்தால் விளக்கை ஏதாவது அணையில் வீசியிருப்பான். இந்த மகானுபாவர் வெள்ளி விலையை யோசித்தார். கீறல் விழக் கூடாதென்று, ரத்தம் தெறித்த தன் சட்டையையே கழற்றி விளக்கைச் சுற்றினார். மாடு மேய்வதற்காக முள்வேலி அடைத்துப் போட்டிருக்கும் தன் கொறங்காட்டுக்குப் போனார். அங்கிருந்த கறையான் புற்றைக் கடப்பாரையால் குடைந்து, உள்ளே செருகி, வாயைச் செம்மண்ணால் பூசினார்.

கேஸ் ஆறியதும் எடுத்து பாலிஷ் போடுவதாகத் திட்டம்.

கஞ்சன் கொலை செய்தால் இந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

ஒரு மாதம் கழித்து அவர் செல்போன் அலறியது.

"ஏனுங்க, தம்பிதுரை ஐயாங்களா?"

"ஆமா. யாருங்க?"

"போத்தனூர்ல இருந்து கயல்விழி பேசறனுங்க. குழந்தைக, குடும்பத்துக்குன்னு ஜியோகேச்சிங் வெளையாட்டு நடத்தறோமுங்க. ஒரு டப்பாவ ஒளிச்சு வெச்சு, எடத்த செல்போன் மேப்புல குடுத்துருவோம். வாரவங்க தேடிக் கண்டுபுடிக்கோணும். உங்க கொறங்காட்டுல ஒண்ணு வெச்சுக்கலாமுங்களா?"

தம்பிதுரை போனை மறு காதுக்கு மாற்றினார்.

"காட்டுலயா... அங்க ஒரே முள்ளுங்க அம்மணி. தோண்டறதுக்கும் ஆகாது."

"தோண்டவே மாட்டோமுங்க. மண்ணத் தோண்டக் கூடாதுங்கறதுதான் இதுல மொத விதி."

அவருக்கு மூச்சு சீரானது.

"அப்புறமுங்க... நோட்டீஸ்ல தலைமைன்னு உங்க பேரையும் போட்டோவையும் போடறோமுங்க."

போட்டோ!

கொலைக் குற்றம், பயம், புற்று எல்லாம் ஒரு நொடியில் மறந்துபோனது அந்த மனுஷனுக்கு.

"பெரிய போட்டோங்களா?"

"பாதி நோட்டீஸ் நீங்கதானுங்க."

"அப்படின்னா தாராளமா வாங்க. இன்ஸ்பெக்டர் கௌதமனையும் கூப்பிட்டுப்போடலாம். நமக்கு வேண்டியவருதான்."

மறுநாள் காலை கயல்விழி வந்தாள். தோளில் பை. கையில் இறுக்கமான மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே பம்பரம், கோலிக்குண்டு, ஸ்டிக்கர்.

"மூடி மேல இது என்னன்னு பெருசா எழுதியிருக்கறனுங்க. கேப்பாரில்லாத டப்பாவக் கண்டா எங்க கோயமுத்தூர்க்காரங்க போலீசுக்குப் போன் போட்டுருவாங்க."

"உள்ள இருக்கறதெல்லாம் கண்டுபுடிச்சவனுக்கா?"

"ஒண்ணு எடுத்தா ஒண்ணு வெக்கோணுமுங்க. சின்னக் குழந்தைக வாரதால எடம் சுலபமா இருக்கோணும். முள்ளு ஆகாது, கெணறு பக்கத்துல ஆகாது, குழந்தை கைக்கு எட்டோணும். இந்த வெள்வேல மரத்துல கீழ முள்ளில்ல, பொந்து சரிங்களா?"

"பேஷா வெச்சுக்குங்க."

"அந்தப் பனை?"

"வெச்சுக்குங்க அம்மணி. காடே உங்களுதுன்னு நெனச்சுக்குங்க."

"அதா அந்தப் புத்துக்கிட்ட?"

"அங்க மட்டும் வேண்டாம்."

குரல் அவரையும் மீறி ஓங்கியிருந்தது. ஒரு தரம் இருமிக்கொண்டார்.

"பாம்பு இருக்குதுங்க. நாகம். நானே கண்ணுல பாத்தேன்."

கயல்விழி புற்றையே பார்த்தாள்.

"நாகம் குடியிருக்கற புத்துங்களா... ஒரு பொட்டு மஞ்சளக் காணோமுங்களே ஐயா? முட்டை ஓடு, பால் ஊத்துன தடம் ஒண்ணுமில்ல. நம்மூருல பாம்பக் கண்டவங்க கும்புடாமயா இருப்பாங்க?"

"அது... வெள்ளிக்கெழம செய்யலாம்னு இருந்தனுங்க."

"செஞ்சுருங்க ஐயா. தெய்வ காரியம்."

டப்பாவை வெள்வேல மரப்பொந்தில் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

அன்றிரவு தம்பிதுரைக்குத் தூக்கம் வரவில்லை. இவளுக்குத் தோன்றிய சந்தேகம் நாளைக்கு இன்னொருத்தருக்கும் தோன்றும்... விடிந்தும் விடியாமலும் கடப்பாரையோடு, யாராவது பார்த்தால் பூஜைக்கென்று சொல்ல மஞ்சள் குங்குமத்தையும் மடியில் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போனார். விளக்கை வெளியே எடுத்துவிட நினைத்தார். புற்றுக்கு முன்னால் குந்தினார். கடப்பாரையை ஓங்கியும் விட்டார்.

அப்போதுதான் அந்த எண்ணம்.

உள்ளே நிஜமாகவே பாம்பு இருந்தால்...?

தான் சொன்ன பொய்க்குத் தானே பயந்த பிறவியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இதோ, காங்கேயத்தில் ஒன்று. கடப்பாரையைப் போட்டுவிட்டு மடியிலிருந்து மஞ்சள் பொட்டலத்தை எடுத்தார். புற்று முழுக்கப் பூசினார். குங்குமம் வைத்தார். இனி ஒரு பயல் கை வைக்க மாட்டான்.

"ஏனுங்க மொதலாளி... நாகாத்தாளுங்களா?"

வேலிக்கு வெளியே மாரியாத்தாள். ஆடு மேய்க்க வந்தவள். கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றாள்.

இல்லை என்று சொல்ல முடியுமா?

"ஆமா மாரியாத்தா. யாருகிட்டயும் சொல்லிப்போடாத."

மாரியாத்தாளிடம் யாருக்கும் சொல்லாதே என்பதும், பஞ்சாயத்து மைக்கில் அறிவிப்பதும் ஒன்றுதான். மத்தியானத்துக்குள் கொறங்காட்டில் கூட்டம். பால் சொம்போடு முதலில் வந்து நின்றது யார் தெரியுமா? சாந்தாமணி. தம்பிதுரையின் தர்மபத்தினி!

"ஏனுங்க, நம்ம காட்டுல ஆத்தா வந்து குடியேறியிருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே?"

"பாலெல்லாம் ஊத்த வேண்டாம் சாந்தா. வீண் செலவு."

"சாமிக்கு ஊத்தறது செலவுங்களா? ஊருக்காரங்க காதுல உழுந்தா காறித் துப்புவாங்க."

அவள் ஊற்றினாள். மாரியாத்தாள் ஊற்றினாள். ஊரே ஊற்றியது. எந்நேரமும் புற்றைச் சுற்றி ஆள். அதன் பக்கம் போக வழியில்லாமல் தம்பிதுரை வேலி ஓரமாகச் சுற்றிச் சுற்றி வந்தார். அதைப் பார்த்து, "மொதலாளிக்கு என்ன பக்தி" என்றார்கள்.

நோட்டீஸ் வந்தது. பாதிக்கு அவர் மூஞ்சி. அடியில் ஒரு வரி. 'வரும் குடும்பங்கள் நாகாத்தாவுக்கு ஆளுக்கொரு பால் பாக்கெட் கொண்டு வரவும்.'

அந்த வரியை அவர் படிக்கவே இல்லை. போட்டோவைத் தாண்டிக் கண் இறங்கினால்தானே!

ஞாயிற்றுக்கிழமை. கோயமுத்தூரிலிருந்து வேன் வேனாகக் குடும்பங்கள். முன் வரிசையில் இன்ஸ்பெக்டர் கௌதமன். தம்பிதுரை மைக்கைப் பிடித்தார்.

"கண்ணுகளா, நேர்மையாத் தேடுனா எதுவும் கெடைக்கும்."

கொலைகாரன் வாயில் நேர்மை! கேட்கச் சகிக்கவில்லை.

குழந்தைகள் செல்போனைப் பார்த்துக்கொண்டே வெள்வேல மரத்தை மொய்த்தன. வர்ஷினி என்ற வாண்டு பொந்துக்குள் கைவிட்டு டப்பாவை எடுத்தாள். பம்பரத்தை எடுத்துக்கொண்டு, தன் ரப்பர் வளையலை வைத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு பால் பாக்கெட்டோடு வரிசையாகப் புற்றுக்குப் போனார்கள்.

இருபது பாக்கெட்... முப்பது...

ஒரு வாரமாக ஊறியிருந்த செம்மண் பூச்சு சளக்கென்று சரிந்தது.

முதலில் எட்டிப் பார்த்தது ஒரு சட்டைக் கை.

"ஆன்ட்டி, இங்க இன்னொண்ணு ஒளிச்சு வெச்சிருக்காங்க" என்றாள் வர்ஷினி.

கௌதமன் ஓடி வந்தார். துணியை விலக்கினார். வெள்ளிக் குத்துவிளக்கு! அதன் கணுக்களில் காய்ந்த ரத்தமும் முடியும் ஒட்டியிருந்தன.

தம்பிதுரை முந்திக்கொண்டார்.

"அந்த... அருள்குமார் பையன் கொண்டாந்து ஒளிச்சிருப்பானுங்க சார்."

"சட்டை யாருதுங்க?"

பதில் வந்தது சாந்தாமணியிடமிருந்து.

"ஏனுங்க, சென்னகிருஷ்ணன் அண்ணன் செத்த அன்னைக்கு நான் இஸ்திரி போட்டுக் குடுத்த சட்டைங்களே இது? காந்திபுரம் லாட்ஜ்ல மறந்து வெச்சுட்டு வந்துட்டேன்னு சொன்னீங்க?"

"நீ சும்மா இரு சாந்தா."

"ஆத்தா முன்னால நின்னுட்டுப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

கௌதமன் கூட்டத்தைப் பார்த்தார்.

"இந்தப் புத்துல மொதல்ல மஞ்சள் பூசுனது யாருங்க?"

"மொதலாளிதானுங்க" என்றாள் மாரியாத்தாள் பெருமையாக. "நான் பாக்கறப்ப கடப்பாரையும் பக்கத்துலதான் கெடந்துச்சு. பாம்பக் கண்ணுல பாத்தவரும் அவரு ஒருத்தருதானுங்க."

விலங்கு மாட்டும்போது தம்பிதுரையின் கண் கயல்விழி மேல் போய் நின்றது. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"யாரு அம்மணி நீ?"

"அருள்குமாரோட அக்கா. இத்தன வருசம் உங்களுக்கு வண்டி ஓட்டுனான். கூடப்பொறந்தவங்க இருக்காங்களான்னு ஒரு நா கேட்டிருந்தீங்கன்னா, என்னைய இந்தக் காட்டுக்குள்ளயே உட்டிருக்க மாட்டீங்க."

"இங்கதான் இருக்குதுன்னு உனக்கு எப்படி...?"

"கொலைக்கு மறுநா உங்க வேட்டியெல்லாம் ஒட்டுப்புல்லுன்னு ஜெயில்ல தம்பி சொன்னான். காட்டுக்குள்ள காலே வெக்காத மனுசன் நீங்க. காடு தெரிஞ்சுது, எடந்தான் தெரியல. 'அங்க மட்டும் வேண்டாம்'னு நீங்களே காட்டிக் குடுத்தீங்க."

ஜீப் ஏறும்போதும் அந்த ஆளுக்கு ஆற்றாமை தீரவில்லை. திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

"மண்ணத் தோண்டக் கூடாதுன்னு நீதான விதி பேசுன?"

கயல்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலிப் பால் பாக்கெட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"நாங்க எங்கீங்க தோண்டுனோம்? பால்தான ஊத்துனோம்."