பாட்டுக்கொட்டை

காலையிலேயே வீட்டில் கேசரி வாசம் தூக்கியது. அன்று பிறந்தநாளும் இல்லை, கல்யாண நாளும் இல்லை. நிதர்சன் அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு நைசாகத் திரும்பி வந்து உட்கார்ந்தான். பெண்டாட்டி காரணமில்லாமல் கேசரி கிண்டினால் எந்தப் புருஷனுக்குத்தான் பயம் வராது?

சஷ்டிகா தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தாலும் முகம் சிரித்தது.

"டிக்கெட்டை ரத்து பண்ணிட்டேங்க."

எந்த டிக்கெட்? அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் "உம்" என்று வைத்தான்.

"அந்தமானுக்குக் கடலடி ரயில்ல எடுத்தது. அக்கா வீட்டோட போய் இருந்துடலாம், திரும்பி வரவே கூடாதுன்னு முடிவு பண்ணியிருந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் பால்கனியில உங்ககிட்ட சொன்னேன்ல, இத்தனை வருஷமா சுவத்தோட குடித்தனம் பண்றேன்னு? நீங்க எப்பவும்போல குறுக்க விழுந்து பேசுவீங்கன்னு நெனச்சேன். ஒரு வார்த்தை பேசல! நான் அழுதப்ப சரியா அந்த இடத்துல 'அடடா'ன்னீங்க பாருங்க, அப்படியே உருகிட்டேன். இந்த மனுஷனை விட்டுட்டு எங்க போறதுன்னு ஆயிடுச்சு."

எடுத்த கேசரியை அவன் தட்டிலேயே வைத்தான். அந்த 'அடடா' அவன் சொன்னதே இல்லை. சொன்னது பாட்டுக்கொட்டை.

பாட்டுக்கொட்டை இல்லாத காது அந்த நகரத்தில் ஏது? புளியங்கொட்டை அளவுக் கருவி. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் எலும்பு வழியாக உள்ளே பாடும். பக்கத்தில் இருப்பவருக்கு முணுமுணுப்புகூடக் கேட்காது, வெளிச்சத்தமும் உள்ளே நுழையாது. பழைய கருவிகளும் இதையெல்லாம் செய்தவைதான். இது மட்டும் கடை திறக்குமுன் விற்றுத் தீர்ந்ததற்குக் காரணம், கூடவே வந்த குரல்மணி. கடுகளவுதான் இருக்கும், தொண்டைக்குழியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். எதிரில் இருப்பவர் எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே குரல் கம்முகிறது என்று அளந்து பார்த்து, நம் குரலிலேயே "உம்", "அப்படியா", "அப்புறம்?" என்று சொல்லிவிடும். சொல்லும்போது தொண்டையில் லேசாகக் கூசும், நாம் தலையை ஆட்டினால் போதும். பேச்சின் அர்த்தம் அதற்குத் தெரியாது, அதைப் பதிந்து வைக்கவும் சட்டம் விடாது. பாட்டை நிறுத்தினால் உம்மும் நின்றுவிடும், அவ்வளவுதான். மேலதிகாரியின் கூட்டமும் மாமனாரின் அரசியலும் ஊருக்கே இன்பமாகக் கழிந்தன.

நிதர்சன் சும்மாவே பாட்டுப் பைத்தியம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் நாளெல்லாம் எந்திர இரைச்சலில் கிடந்துவிட்டு வருகிறவன். வீட்டுக்கு வந்து ஒரு நாதஸ்வரம் கேட்டால்தான் அவனுக்கு உயிரே திரும்பும். கருவியை வாங்கி வந்த அன்றைக்கே சஷ்டிகா கேட்டாள், "நான் பேசும்போது இதைப் போட மாட்டீங்கல்ல?"

"சேச்சே! உன்கிட்டப் போய் போடுவேனா?" என்றான். ஒரு வாரம் வாக்கைக் காப்பாற்றவும் செய்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் கேட்டது கல்யாணி ராகம். அதன் ஒவ்வொரு வளைவும் இப்போதும் ஞாபகத்தில் இருந்தது. அவள் உதடு அசைந்தது, கை ஆடியது, கண்ணைத் துடைத்தாள். மறுபடி அவள் தம்பி கதைதான் போல என்று நினைத்துக்கொண்டு, கூசும்போதெல்லாம் தலையை ஆட்டினான். அவள் சொன்னதில் ஒரு சொல்கூட அவனிடம் இல்லை. சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அன்றைக்கு ஆலையில் அவனுக்கு வேலையே ஓடவில்லை. வீட்டுக்கு வந்ததும் கொட்டையையும் மணியையும் பிய்த்தெடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டான். பால்கனியில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"சஷ்டி, அன்னிக்குச் சொன்னியே, அதை இன்னொரு தடவை முதல்லேருந்து சொல்லேன்."

அவளுக்கு அத்தனை சந்தோஷம். கால்களை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"ஆஸ்பத்திரியில நம்ம குழந்தை போன அன்னிக்கு நான் தனியா படுத்திருந்தேன். வாசலையே பாத்துட்டு..."

"அன்னிக்கு ஆலையில குழாய் வெடிச்சுடுச்சு சஷ்டி! போட்டது போட்டபடி நான் எப்படி வர முடியும் சொல்லு?"

அவள் நிறுத்தினாள். "அன்னிக்கு இந்த இடத்துல வெறுமனே 'உம்'னுதான் சொன்னீங்க."

"சரி சரி, சொல்லு."

மறுபடி தொடங்கினாள். அவன் உயிரைக் கொடுத்துக் கேட்டான். கேட்கக் கேட்க நெஞ்சு பதறியது. அவள் வாக்கியத்தை முடிக்குமுன் "உம்" வந்து விழுந்தது. முடித்த பிறகு வரவேண்டிய "உம்" வரவில்லை. அவள் அழப்போகிறாள் என்று பயந்து முன்கூட்டியே "அடடா" என்றான். அவள் அப்போது ஆஸ்பத்திரி இட்லியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சஷ்டிகாவின் முகம் இறுகியது. "கழட்டுங்க."

"எதை?"

"காதுல மாட்டியிருக்கறதை! பாட்டைக் கேட்டுட்டே எனக்குப் பதில் சொல்றீங்க. அன்னிக்கு என் பேச்சைக் கேட்ட மனுஷன் இது இல்ல."

அவன் முடியை ஒதுக்கிக் காட்டினான். காதுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. தொண்டைக்குழியிலும் ஒன்றுமில்லை. அவள் முகத்தில் ஒரு கணம் நிம்மதி வந்தது. அப்புறம் அது மெல்ல வடிந்துபோயிற்று.

"அப்ப அன்னிக்கு?"

இந்த முறை பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "அன்னிக்குத்தான் போட்டிருந்தேன். என்னை மன்னிச்சிடு சஷ்டி."

அவள் எழுந்து உள்ளே போனாள். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. போச்சு, மறுபடி டிக்கெட் போடப் போகிறாள் என்று நினைத்தான். அவள் திரும்பி வந்தபோது உள்ளங்கையில் பாட்டுக்கொட்டையும் குரல்மணியும் இருந்தன.

"மாட்டுங்க."

"ஐயோ வேணாம் சஷ்டி. இனிமே நானே கேக்கறேன். பழகிக்கறேன்."

"நீங்க பழகறதுக்குள்ள எனக்கு வயசாயிடும். பாதியில நிறுத்திட்டேன், இப்ப யாருகிட்டயாவது சொல்லி முடிச்சே ஆகணும். அதுவாவது ஒழுங்கா கேக்கட்டும். இல்லேன்னா சொல்லுங்க, ராத்திரி ரயில் இருக்கு."

அவளே ஒட்டிவிட்டாள். மணியைத் தொண்டையில் வைத்து விரலால் அழுத்தினாள். நாதஸ்வரம் கிளம்பியது. உலகம் அடங்கிப்போய் அவள் உதடு மட்டும் அசைந்தது. "உம்" என்றது அவன் தொண்டை. அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

நிதர்சனால் தாங்க முடியவில்லை. காதைச் சொறிவதுபோல் தட்டிப் பாட்டை நிறுத்தினான். கடல் சத்தத்தோடு அவள் குரலும் உள்ளே வந்தது.

"...குழந்தைக்கு நான் ஒரு பேர் வச்சிருந்தேங்க. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. அன்னிக்கு உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன்."

அவள் நிறுத்தி, ஒரு "உம்"முக்குக் காத்திருந்தாள்.

"என்ன பேரு? சொல்லு சஷ்டி, சொல்லு!" என்றான் அவன். குரல் உடைந்து, அவசரமாக வந்து விழுந்தது.

அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். கண் அவன் காதுக்குப் போயிற்று. பிறகு உள்ளே, சுவரில் தொங்கிய கடிகாரத்துக்குப் போயிற்று.

நிதர்சன் கையைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் தட்டினான். விட்ட இடத்திலிருந்து நாதஸ்வரம் தொடர்ந்தது. தொண்டையில் லேசாகக் கூசியது. அவன் தலையை ஆட்டினான்.

சஷ்டிகா நிம்மதியாக மூச்சை விட்டாள். குனிந்து, அவனைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னாள். அது எத்தனை எழுத்து என்றுகூட அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அடடா" என்றது அவன் குரல், சரியான இடத்தில்.