மூன்றாவது படம்

1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. மூன்றாம் நாள் காலை, பாறசாலைக்கு அருகே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே வேலை பார்க்கும் வேதமணி தன் மனைவி சுகிர்தபாயைப் படம் எடுத்தார்.

அவள் கால்களில் ஊதாப் புள்ளிகள். சிறுநீர் பால் விடாத கட்டன் சாயா நிறம். உடம்பின் சின்ன ரத்தக் குழாய்களெல்லாம் அழற்சியில் வீங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். கையில் ஏற்றும் மருந்தைச் சிறுநீரகம் வாங்கினால் அது படத்தில் வெள்ளையாகத் தெரியும். தெரிந்தால் ஜீப்பில் திருவனந்தபுரம். தெரியாவிட்டால் கொண்டுபோய்ப் பயனில்லை. துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் சரக்கு வராததால் அந்த மருந்து ஒரே ஒரு குப்பிதான் இருந்தது.

அதை ஏற்றிய ஐந்தாம், பதினைந்தாம், முப்பதாம் நிமிடங்களில் வேதமணி மூன்று படம் எடுத்தார். இனி கழுவ வேண்டும். இருட்டறைக் கடிகாரம் ஈரத்தில் நின்றுபோனதிலிருந்து அவருக்கு வேதாகமத்தின் நூற்று மூன்றாம் சங்கீதம்தான் கணக்கு. நிதானமாக ஒரு முறை சொல்லி முடித்தால் ஒரு படம்.

"கெட்டினவளுக்க எலும்பு வரைக்கும் பாத்த ஆளு இந்த ஊரில நீங்க மட்டுமாக்கும்," என்றாள் மேசையில் கிடந்தவள். "வெப்ராளத்தில வேகமா சொல்லிராதீங்க. நானும் இங்க கிடந்து கூடச் சொல்லுதேன்."

நர்ஸ் ஞானபாய் அவளருகே உட்கார்ந்தாள். அவர் கதவைச் சாத்தினார்.

சிவப்பு விளக்கு, மருந்தின் புளித்த நெடி, எங்கோ சொட்டும் தண்ணீர், கதவுக்கு வெளியே தன் குரலோடு சேர்ந்துவரும் அவள் குரல். முதல் படத்தில் இடப்பக்கம் மட்டும், கண்ணாடியில் ஊதிய மூச்சுபோல, ஒரு வெளுப்பு. இரண்டாவதில் அது இன்னும் சிறுத்திருந்தது. மூன்றாவதைத் தொட்டியில் இறக்கினார்.

ஒன்பதாம் வசனத்தில் அவர் மூச்சு வாங்க நின்றார். அவள் நிற்கவில்லை.

குரல் கதவுப்பக்கம் இல்லை. தொட்டிக்கு அப்பால் கேட்டது. அங்கே சுவர்.

கதவு தட்டப்பட்டது.

"அண்ணா, வெளிய வாருங்க. அக்காவுக்கு மூச்சு முட்டுது. நீங்க வந்து பிடிச்சாத்தான் நான் டாக்டரை விளிக்கப் போக முடியும்."

"நல்லாத்தானே சொல்லிட்டிருக்கா. வெளிச்சம் பட்டா படம் போச்சு மக்கா. நாலு நிமிஷம்."

வெளியே ஞானபாயின் காலடி மேசைவரை போய்த் திரும்பியது.

"ஆரு சொல்லுதா, அண்ணா? அக்கா வாய் தொறக்காம, மிண்டாம ஆயி எவ்வளவு நேரமாச்சு."

குரல் பத்தாம் வசனத்துக்குப் போனது. மூச்சு வாங்காமல். பதினொன்று. இப்போது அவர் தோளருகே. குளிர்ந்த புளித்த நெடி.

அவர் கதவைத் திறக்கவில்லை. உதடுகள் கூடவே அசைந்தன. பதினைந்து. இருபது. இருபத்திரண்டு.

படத்தை எடுத்தார். அலசினார். அடுத்த தொட்டியில் இட்டு மூடினார். திறந்தார்.

ஞானபாய் சுகிர்தபாயின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் முதுகுக்குப் பின்னால், இருட்டறைக்குள், முதல் வசனம் மறுபடி தொடங்கியது. ஞானபாயின் கை நின்றது.

மதியம் டாக்டர் மூன்றாவது படத்தை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். மருந்து எங்கும் வெள்ளையாகத் தெரியவில்லை. படத்தைக் கழுவிய நேரத்தில் பிசகில்லை.