அண்ணன் காது

தங்கை தன் காரின் மட்கார்டு மேல் வைத்துவிட்டுப் போன டம்ளரில் டீ வட்டம் வட்டமாக நடுங்கிக்கொண்டிருந்தது. காதுக்காரருக்கோ எதுவும் கேட்கவில்லை.

எதுவுமே என்று சொல்ல முடியாது. இன்ஜின் ஓடுவது கேட்டது, பக்கத்து வீட்டில் யாரோ போர்வையை உதறுவதுபோல. ஆனால் தங்கை சொன்ன அந்த ‘டொக் டொக்’ அதற்குள் எந்த மூலையில் இருக்கிறது என்று பிடிபடவில்லை. அவள் திரும்பி வந்து அவர் பக்கத்தில் குனிந்தாள்.

“இதோ அண்ணா... இப்ப. கேக்குதா?”

அவர் கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்து, எல்லோருக்கும் பழகிப்போன அந்தப் பாவனையைச் செய்தார். “கேக்குதே. நல்லாவே கேக்குது.”

பொய். பச்சைப் பொய். வண்டி தெருமுனை திரும்பும்போதே எந்த பேரிங் போச்சு என்று சொல்லிவிடுவார் என்பதற்காக வைத்த பெயர் காதுக்காரர். அந்தக் காது மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டு வருவதை அவர் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாக அல்லவா ஆகிவிடும்! வெட்கம் அவர் வாயைத் தைத்து வைத்திருந்தது.

“மலை ரோடு அண்ணா. தனியாத்தான் ஓட்டிட்டுப் போறேன். இருட்டுறதுக்குள்ள அவர் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேரணும். வழியில நின்னுச்சுன்னா ஏன்னு கேக்க நாதி கிடையாது. சரியாப் பாத்துடு.”

“நீ வீட்டுல போய் அண்ணிகூடப் பேசிட்டு இரு. நான் பாத்துக்கறேன்.”

அவள் போனதும் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார். வெளியே மழை பிடித்திருந்தது. தகரக் கூரையில் அடித்து ஊற்றும் மழை, முன்பெல்லாம் பேச்சையே விழுங்கிவிடும். இப்போது தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்துத்தான் மழை என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஷெட்டுக்குள் டீசல் வாடையும், நனைந்த துருவின் வாடையும், எங்கிருந்தோ மெலிதாக இன்னொரு வாடையும் கலந்து நின்றன. பூட்டியே கிடந்த அறையைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி.

நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் பொருத்திக் கேட்பது எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். இவர் மட்டும், ஆள் இல்லாதபோது, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொள்வார். காது போனாலும் எலும்பு போகவில்லை. யாராவது பார்த்துவிட்டால் கதை கந்தலாகிவிடும்.

டொக்.

டொக்.

கேட்டது! கனமாக, ஆழமாக, தெளிவாக. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ராடு பேரிங்தான், வேறென்ன? இருபது வருஷ வண்டி, பாவம், எவ்வளவுதான் உழைக்கும். எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வொரு சிலிண்டராக டீசல் போகிற குழாயின் நட்டைத் தளர்த்த வேண்டும். கோளாறுள்ள சிலிண்டரில் சத்தம் சட்டென்று தணியும்.

முதல் நட்டைத் தளர்த்தினார். இன்ஜின் திக்கியது. சத்தம் தணியவில்லை. அதை இறுக்கிவிட்டு இரண்டாவது. பிறகு மூன்றாவது, நான்காவது. எதற்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் இழுத்தார். இன்ஜின் சீறியது, வண்டியே உதறியது. தட்டல் மட்டும் அதே நிதானத்தில், அவசரமே இல்லாத ஆள் நடந்து வருவதைப்போல, டொக், டொக் என்றது.

இன்ஜினோடு சேர்ந்து வேகம் ஏறாத சத்தம் இன்ஜின் சத்தமே இல்லை. இது இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். ஃபேன் சுற்றி நின்றது. டம்ளரில் டீ ஆடாமல் அடங்கியது. ஸ்க்ரூடிரைவரை மறுபடி இன்ஜினில் ஊன்றி எலும்பில் அழுத்தினார்.

டொக்.

டொக்.

என் மண்டைக்குள்தான் கேட்கிறதோ? நாடித்துடிப்போ? மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நெஞ்சு குதிரையாக ஓடிக்கொண்டிருந்தது. தட்டலோ நிதானமாக இருந்தது. நுனியை கியர்பாக்ஸுக்கு மாற்றினார். ஒரு கணம் அமைதி. பிறகு, சரியாக நுனி தொட்ட இடத்தில், டொக். சேஸிஸில் வைத்தார். அமைதி. டொக். மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் ஊர்ந்து, பின் சீட்டுக்குக் கீழே தகட்டில் வைத்தார்.

அமைதி.

அந்தப் பூட்டிய அறை வாடை இங்கே அதிகம்.

அமைதி.

ஸ்க்ரூடிரைவரை மறுமுனையிலிருந்து ஏதோ மெதுவாகத் தள்ளியது. கைப்பிடி அவர் எலும்பில் அழுந்தியது. தகட்டில் ஓட்டை இல்லை. விரலால் தடவிப் பார்த்தார். இல்லை. மறுபடியும் தள்ளியது.

எப்படி வெளியே வந்தார் என்று தெரியாது. முழங்கை சிராய்த்திருந்தது. பின்கதவைத் திறந்தார். சீட்டைத் தூக்கினார். மிதியடியை உருவினார். ஒரு குடை, ஒரு தண்ணீர் பாட்டில், தங்கையின் பழைய செருப்பு. வேறொன்றும் இல்லை.

“முடிஞ்சுதா அண்ணா?”

அவள் எப்போது வந்தாள் என்று அவருக்குக் கேட்டால்தானே! தூக்கிவாரிப் போட்டது. அவள் ஈரத் தலையைத் துவட்டியபடி ஓட்டுநர் இருக்கையில் ஏறி, சாவியைத் திருப்பினாள்.

அவள் முகம் மாறியதை அவர் பார்த்தார். தோள் ஒருமுறை குலுங்கியது. பானட்டைப் பார்த்தாள், பின்னால் திரும்பிப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இருந்தது.

“அண்ணா... சத்தம் நின்னுடுச்சா?”

இறங்கு, இந்த வண்டியைத் தொடாதே என்று சொல்லிவிடலாம். ஏன் என்பாள். வண்டியில் ஏதோ இருக்கிறது என்றால், எனக்குக் கேட்கிற மாதிரிதானே உனக்கும் கேட்கிறது, எங்கேயிருந்து வருகிறது சொல் என்பாள். எனக்குக் கேட்கவில்லையம்மா, எனக்குக் காதே கேட்பதில்லை, முதலில் கேட்டது என்று சொன்னதும் பொய் என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்லியாக வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. காது மடல் சுட்டது. கூனிக் குறுகிப்போய் நின்றார்.

“சுத்தமா நின்னுடுச்சும்மா.”

அவள் புருவம் சுருங்கியது. மறுபடி உற்றுக் கேட்டாள். பிறகு அந்தச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக நீங்கின. தன் காதை அவள் தானே தள்ளுபடி செய்வதை அவர் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப எனக்குத்தான் பிரமை போல,” என்று சிரித்தாள். “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். வரேண்ணா.”

ஷட்டரை ஏற்றினார். வண்டி மழைக்குள் இறங்கியது. தெருவில் யாரும் இல்லை. பத்தடி போயிருக்கும்.

பின் கண்ணாடியில் ஒரு கை.

உள்ளேயிருந்து. மடக்கிய கை. விரல் முட்டிகள் கண்ணாடியில் படுவதும் விலகுவதும் தெரிந்தது. நிதானமாக. சத்தம் இல்லை. அவருக்குச் சத்தம் இல்லை.

கத்தியிருக்கலாம். ஓடியிருக்கலாம். முன் ஜன்னல் வழியாகத் தங்கை கையை நீட்டி, திரும்பிப் பார்க்காமலே டாட்டா காட்டினாள். பின் கண்ணாடியில் மடங்கியிருந்த கை மெல்ல விரிந்தது. அதுவும் ஆடியது.

காதுக்காரர் தன் கையைத் தூக்கி, பதிலுக்கு ஆட்டினார்.