ஆறாவது ஸ்க்ரூ

ஐந்து ஸ்க்ரூக்களின் தலைக்கோடுகள் நேராக நின்றன. ஆறாவது சாய்ந்திருந்தது.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். பழைய பெட்ரோல் பம்புகளைப் புதுப்பிக்கும்போது அவனுக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. பம்பின் கதவை ஸ்க்ரூ போட்டுப் பூட்டியதும் எல்லாக் கோடுகளும் மேலும் கீழுமாக ஒரே வாக்கில் நிற்க வேண்டும். ஆறாவதையும் அப்படித்தான் விட்டிருந்தான். ஆனால் அது நிஜக் கோடே இல்லை.

துருவேறி இறுகிப்போன ஸ்க்ரூ அது. எண்ணெய் விட்டான், சூடு காட்டினான், சுத்தியலால் தட்டினான். மற்றவை வழிக்கு வந்தன, இது மட்டும் மசியவில்லை. இன்னும் சில நாள் ஊறவிட்டிருக்கலாம். ஆத்திரத்தில் ஓங்கித் திருக, தலை வழித்துக்கொண்டு போய்விட்டது. துளை போட்டு எடுக்கச் சோம்பல்பட்டு, அதன்மேல் ஓட்டை அடைக்கிற பட்டியை அப்பி, கத்தியால் ஒரு பொய்க் கோடு கீறி, சிவப்புப் பெயிண்டும் அடித்துவிட்டான். கதவைத் திறக்கவே இல்லை.

"உள்ளெல்லாம் சுத்தம் பண்ணிட்டீங்களா?" என்று மனைவி கேட்டபோது, "பளிங்கு மாதிரி இருக்கு" என்றான், வாய் கூசாமல்.

அவள் நம்பினாள். அதுதான் அவனைக் குடைந்தது. பம்ப் அவளுடைய அண்ணனின் கடைவாசலுக்கு. போன தடவை இவன் ஒப்பேற்றிக் கொடுத்த வேலையால் பிறந்த வீட்டில் தலைகுனிந்து நின்றவள், இந்தத் தடவை போனில், "அவர் இப்பல்லாம் அப்படி இல்லண்ணா, நான் பொறுப்பு" என்று சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. அண்ணன் இருட்டுவதற்குள் வந்துவிடுவார்.

தகரக் கூரையில் மழை சடசடத்தது. அடைத்த ஷெட்டுக்குள் புதுப் பெயிண்டின் நெடிக்கு அடியிலிருந்து, எத்தனையோ வருஷமாகக் காய்ந்து கிடக்கிற அந்தப் பம்பிலிருந்து, பச்சைப் பெட்ரோலின் வாசம் மெல்லக் கசிந்து வந்து தொண்டையில் படிந்தது.

கிரீச்.

துருவும் துருவும் உரசும் சத்தம். அவனுக்கு முதலில் வந்த நினைப்பு ஓடுவது இல்லை, மூடுவது. ஸ்க்ரூவைச் சுற்றிப் பெயிண்டில் விரிசல் விட்டிருந்தது. மச்சான் கண்ணில் பட்டால் மானம் போய்விடும். சே, என்ன பிழைப்பு இது! பிரஷ்ஷைத் தோய்த்து விரிசல்மேல் வைத்தான்.

பிரஷ்ஷின் மயிர்களுக்கு அடியில் அது திரும்பியது. நிதானமாக. இடப்பக்கமாக. கழற்றுகிற பக்கமாக.

உள்ளேயிருந்து.

பிரஷ் கைநழுவி விழுந்தது. மற்ற ஐந்தும் இப்போது சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றாக வெளியே வந்து தரையில் விழுந்தன.

"ஏங்க, என்ன சத்தம்?" மனைவி துடைக்கிற துணியோடு உள்ளே வந்தாள். "மறுபடி எதுக்குக் கழட்டுறீங்க? அண்ணன் தெருமுனைக்கு வந்துட்டாராம்."

நேரே பம்புக் கதவின் முன்னால் போய்க் குந்தி, கீழ்ச்சட்டத்தைத் துடைக்கத் தொடங்கினாள். 'தள்ளிப் போ, நான் அதைத் திறக்கவே இல்லை' என்று சொன்னால் போதும். சொல்ல வாய் திறந்தான். அவள் அந்தச் சிவப்பைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு, குனிந்து கீழே விழுந்த பிரஷ்ஷை எடுத்தான்.

ஆறாவது விழுந்தது. அவள் காலடிக்கு உருண்டது.

எடுத்தாள். பட்டி அவள் விரலில் பொடிந்தது. வழித்துப்போன தலை. மரையெல்லாம் கலையாத துரு.

"இது கழண்டதே இல்லையே..." என்றாள்.

அவன் கூனிக் குறுகி நின்றான்.

கதவு விரலகலம் திறந்தது. பெட்ரோல் வாசம் முகத்தில் அறைந்தது. இருட்டுக்குள்ளிருந்து நாலு விரல்கள் வந்தன. துரு நிறம். நகம் இல்லை. நுனியெல்லாம் தேய்ந்திருந்தன. எத்தனையோ காலமாகத் திருகித் திருகித் தேய்ந்த மாதிரி.

அவை அவள் மணிக்கட்டைச் சுற்றி இறுகின.

அவள் கத்தவில்லை. கையைக்கூடப் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பளிங்கு மாதிரி இருக்குன்னீங்களே?"

கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது.